கணவாய்ச் சீமை – 14: அறுந்ததை ஒட்டிய கைகள்

சென்ற அத்தியாயத்தில் பாலக்காட்டுக் கோட்டை கைமாறிய கதையைப் பார்த்தோம். 1766-ல் ஹைதர் அலி கட்டிய கோட்டை, மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கிய கையோடு 1790 செப்டம்பரில் ஆங்கிலேயர் வசமானது. அந்தப் போருக்குப் பீரங்கி எத்தனை, நெல்மூட்டை எத்தனை, பொதிமாடு எத்தனை என்று கும்பினியார் கணக்கு எழுதி வைத்தார்கள். போர் முடிந்த பிறகு மூக்கும் கையும் இல்லாமல் ஊர் திரும்பியவர்களுக்கு அப்படியொரு கணக்கு கிடையாது. இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது. அவர்களுக்குப் பின்னால் வந்த ஆலைத் தொழிலாளிகளையும் தோட்டத் தொழிலாளிகளையும் பற்றியது.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் நடிகையின் மூக்கு ஞாபகத்துக்கு வருவது வழக்கம். பாலக்காடு, இடுக்கி எல்லையோரத்தில் அந்தத் துறைக்கு வாய்க்கிற வேலை வேறு. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் பிரஸ்ஸில் மாட்டிய விரல், பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிற்று ஆலையில் மட்டை அடிக்கும் எந்திரம் இழுத்த கை, மறையூரில் கரும்பு பிழியும் உருளைக்குள் போன முழங்கை, ஏலக்காய் ஸ்டோரில் தீப்பட்ட தோல், போடிமெட்டு வளைவில் லாரிக்கு அடியில் சிக்கிய கால். காயம் பட்டவுடன் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது மாநில எல்லையைக் கேட்டு முடிவாவதில்லை. வேலந்தாவளத்துக்காரர் கிழக்கே கோவைக்குப் போகிறார். குமுளிக்காரர் தேனி, மதுரை என்று கீழே இறங்குகிறார், அல்லது மேற்கே கோட்டயம், கொச்சி என்று போகிறார். இந்த ஊர்களில் எல்லாம் அறுந்ததை ஒட்டும் கலை எப்படி வேர் பிடித்தது? யார் செய்தார்கள், யார் கற்றார்கள், யார் எழுதி வைத்தார்கள்?

மூக்கறு போர்

கதையைப் பதினேழாம் நூற்றாண்டில் தொடங்க வேண்டும். மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜரின் படை, 1650-களின் பிற்பகுதியில், சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் புகுந்தது. பிடிபட்டவர்களின் மூக்கை, பலருக்கு மேலுதட்டோடு சேர்த்து, அறுத்துச் சாக்கில் கட்டி அனுப்பினார்கள் என்று அன்றைய ஏசு சபைப் பாதிரிமாரின் கடிதங்கள் சொல்கின்றன. திருமலை நாயக்கர் அப்போது நோயாளி. ராமநாதபுரத்திலிருந்து ரகுநாத சேதுபதி படையோடு வந்து மதுரையைக் காத்தார். 'ராணி சொல் காத்தார்' என்ற பட்டம் பெற்றார். பிறகு மதுரைப் படை மைசூருக்குள் போய் அதே மாதிரி மூக்குகளை அறுத்துப் பழி தீர்த்தது. பட்டம் யாருக்குக் கிடைத்தது என்பது பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. மூக்கறுபட்டவர்கள் அதன் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பதை யாரும் எழுதவில்லை.

மூக்கறுப்பது போரின் வெறி மட்டும் அல்ல, தண்டனையாகவும் இருந்தது. ஆகவே மூக்கைத் திரும்ப உண்டாக்கும் தொழிலும் இந்த நாட்டில் இருந்தது. சுசுருத சம்ஹிதை அறுந்த மூக்கை மட்டுமல்லாமல், கிழிந்த காதுச் சோணையை ஒட்டும் முறைகளையும் வகை வகையாகச் சொல்கிறது. காது ஒட்டும் வேலை நம் பக்கத்தில் நேற்றுவரை இருந்ததுதான். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போன பாட்டிமார் பாம்படமும் தண்டட்டியும் போட்டுத் தோளைத் தொடும் காது வளர்த்தவர்கள். காலம் மாறி, மகளும் பேத்தியும் கம்மலுக்கு மாறியபோது, தொங்கிய காதை அறுத்துச் சின்னதாக்கித் தைத்துக்கொண்டவர்கள் நிறைய. அதற்கு அவர்கள் பிளாஸ்டிக் சர்ஜரி என்று பேர் சொல்லவில்லை. காதறுத்துத் தைத்தேன் என்றார்கள்.

வண்டிக்காரனின் மூக்கு

இந்தக் கலை உலகம் முழுக்கப் பரவியதற்கு ஒரு பொதிமாட்டுக்காரர் காரணம். காவஸ்ஜி என்பது பெயர், மராட்டியர். மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டியவர். 1792-ல் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டார். மூக்கும் ஒரு கையும் போயின. பிறகு சீரங்கப்பட்டணத்துக்கு அருகில் பம்பாய்ப் படையோடு சேர்ந்துகொண்டார். தலச்சேரியில் இறங்கிக் குடகு வழியாக மலையேறி வந்த அதே படைதான் அது. ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமல் இருந்த காவஸ்ஜிக்குப் புனே அருகில், செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். தாமஸ் க்ரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்ற இரண்டு ஆங்கில மருத்துவர்கள் அதைப் பார்த்ததாகப் பதிவு உண்டு. அந்தச் செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் படத்தோடு வெளியானது.

செய்முறை இது. மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கு மாதிரி வடித்து, அறுபட்ட இடத்தில் வைத்துப் பொருத்தம் பார்க்கிறார். அந்த மெழுகைத் தட்டையாக்கி நெற்றியில் ஒட்டி, சுற்றிலும் கோடு இழுக்கிறார். கோட்டின் வழியே தோலை உரித்தெடுக்கிறார். ஆனால் இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு சின்னப் பட்டையை மட்டும் அறுக்காமல் விடுகிறார். அந்தப் பட்டை வழியாகத்தான் உரித்த தோலுக்கு ரத்தம் போக வேண்டும். தோலைத் திருப்பிக் கீழே இறக்கி, மூக்கிருந்த இடத்தின் ஓரத்தைக் கீறிச் செருகி, காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி மேலே பற்றாகப் போடுகிறார். ஐந்தாறு நாள் மல்லாக்கப் படுக்கை. பத்தாம் நாள் நாசித்துளை மூடிவிடாமலிருக்க மெல்லிய துணித்திரி. இருபத்தைந்தாம் நாள் அந்த இணைப்புப் பட்டையை வெட்டி விடுகிறார். அதற்குள் புது மூக்கு முகத்திலிருந்தே ரத்தம் எடுக்கப் பழகியிருக்கும்.

இன்றைக்கும் மூக்கு இழந்தவருக்கு நெற்றித் தோலை எடுத்து மூக்கு செய்யும்போது அடிப்படை மாறவில்லை: ரத்தம் வரும் காம்பை விட்டுவைத்துத் தோலைத் திருப்பு, புது இடம் ஏற்றுக்கொண்ட பிறகு காம்பை வெட்டு. லண்டனில் ஜோசப் கார்ப்யூ இந்தச் செய்தியை வைத்துச் சடலங்களில் பழகிப் பார்த்து, 1814-ல் ஓர் ஆங்கிலேய அதிகாரிக்கு மூக்கு வைத்தார்; 1816-ல் புத்தகமாக வெளியிட்டார். புனேயில் அதைச் செய்த கைக்காரரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவருக்குத் தெரிந்ததை மகனோ மருமகனோ பார்த்துப் பழகியிருப்பார்கள். எழுத வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. செய்தவர் எழுதவில்லை, பார்த்தவர் எழுதினார். எழுதப்பட்டது உலகத்தின் பாடமாயிற்று. பேசாமல் செய்தது இங்கேயே தேய்ந்து போயிற்று. இந்த நிலை மாற ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

இடையில் ஐரோப்பாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் தலையை மட்டும் வெளியே நீட்டியவர்களுக்கு முகம் சிதைந்தது. 1917-ல் சிட்கப் என்ற இடத்தில் ஹெரால்டு கில்லீஸ் அவர்களுக்கென்றே ஒரு மருத்துவமனையை நடத்தி, ஐயாயிரம் பேருக்கு மேல் சிகிச்சை செய்தார். ஒவ்வொரு முகத்தையும் படமாக வரைந்து வைக்க ஓவியரை அமர்த்தினார். வெளிநாட்டு மருத்துவர்கள் வந்து கற்றார்கள். காயம் குவிந்த இடத்தில் பாடசாலை உண்டாகும் என்பதை அவர் நிரூபித்தார்.

கொல்லிமலையில் பிறந்தவர்

நம் பக்கத்தில் அந்தப் பாடசாலை தொழுநோயாளிகளின் கையிலிருந்து தொடங்கியது. பால் பிராண்ட் 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். மிஷனரியான அவருடைய அப்பா 1929-ல் அதே மலையில் காய்ச்சலில் இறந்தார். மகன் இங்கிலாந்தில் முதலில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்று, அப்புறம்தான் மருத்துவம் படித்தார். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்த ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்த வேகத்தில் பிராண்டுக்கு வலித்துவிட்டது. விரல் வளைந்திருந்தாலும் முன்னங்கைத் தசை செத்துப்போகவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. உயிரோடிருக்கும் தசையின் நாணை எடுத்துச் செத்த தசையின் வேலைக்கு மாற்றினால் கை விரியுமல்லவா? 1948 முதல் வேலூரில் அந்த அறுவை சிகிச்சைகள் நடந்தன.

அவர் அறுப்பதோடு நிற்கவில்லை. கை சரியான நோயாளி ஊருக்குப் போய்ச் சில மாதத்தில் புதுப் புண்ணோடு திரும்பினால், ஏன் என்று தேடினார். நோய் விரலைத் தின்பதில்லை, வலி தெரியாததால்தான் விரல் போகிறது என்பது அந்தத் தேடலில் கிடைத்த விடை. சூடான பாத்திரத்தைப் பிடித்து வெந்துபோன கை, துருப்பிடித்த பூட்டைத் திருகிக் கிழிந்த விரல், ராத்திரி தூங்கும்போது எலி கடித்ததுகூடத் தெரியாத கால். நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார். செருப்புக்கு மெத்தென்ற அடித்தளம் தேடினார். செய்கிறவரே கேள்வி கேட்டு, செய்கிறவரே எழுதும் பழக்கம் தமிழ்நாட்டில் அங்கே உறுதியாகக் காலூன்றியது. 1955 முதல் காட்பாடி அருகே கரிகிரியில் அது தனி ஆய்வு மையமாக வளர்ந்தது.

நாக்பூரில் சி. பாலகிருஷ்ணன் 1958-ல் நாட்டின் முதல் தனிப் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையைத் தொடங்கினார். சென்னை ஸ்டான்லியில் 1971-ல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கென்று தனிப் பிரிவு அமைத்தார். வடசென்னையின் ஆலைகளும் பட்டறைகளும் அந்தப் பிரிவுக்கு நாள் தவறாமல் விரல்களை அனுப்பின. சாய்வாக வெட்டுப்பட்ட விரல்நுனியை என்ன செய்வது? எலும்பைக் குட்டையாக்கித் தைத்து அனுப்புவது அன்றைய வழக்கம். வெங்கடசாமியும் என். சுப்பிரமணியனும் அதே விரலின் பக்கவாட்டிலிருந்து முக்கோணமாகத் தோலை, அதன் ரத்தக் குழாயும் நரம்பும் அறாமல், முன்னால் நகர்த்தி நுனியை மூடினார்கள். விரல் நீளம் போகாது; தொட்டால் தெரியும் உணர்ச்சியும் போகாது. 1980-ல் அமெரிக்க இதழில் அது கட்டுரையாக வந்தது. இன்றைக்கு உலகெங்கும் அது வெங்கடசாமி ஃபிளாப் என்றே வழங்குகிறது. புனேக் கைக்காரருக்குக் கிடைக்காத பெயர் ஸ்டான்லிக் கைக்காரருக்குக் கிடைத்தது.

கோவையில் ஒரு மதிப்பெண் பட்டியல்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசல் கோவை. மயக்க மருத்துவரான ஜே.ஜி. சண்முகநாதன் 1978-ல் அங்கே கங்கா மருத்துவமனையைத் தொடங்கினார். 1991-ல் அவருடைய மகன்கள் இருவரும் சேர்ந்தார்கள்: எலும்பு அறுவைக்கு எஸ். ராஜசேகரன், பிளாஸ்டிக் அறுவைக்கும் கை அறுவைக்கும் எஸ். ராஜசபாபதி. அண்ணன் தம்பி இருவரும் ஒரே அறுவை மேசைக்கு முன் நின்றது மருத்துவத்துக்கு மிகவும் உதவியது. அதுவரை எலும்பு உடைந்து தோலும் கிழிந்த கால் வந்தால், முதலில் எலும்புக்காரர் கம்பி போடுவார். தோல் அழுகிய பிறகு பிளாஸ்டிக் டாக்டரைக் கூப்பிடுவார்கள். ஸ்லோவீனியாவின் மார்கோ கோடினா 532 நோயாளிகளின் அனுபவத்தை 1986-ல் எழுதியபோது, அடிபட்டு 72 மணி நேரத்துக்குள் காயத்தை முழுமையாகச் சுத்தம் செய்து நல்ல தசையால் மூடினால் தோல்வி நூற்றில் ஒன்றுகூட இல்லை, தள்ளிப்போட்டால் நூற்றில் பன்னிரண்டு என்று காட்டியிருந்தார். கோவையில் இரண்டு துறையும் முதல் மணி நேரத்திலேயே சேர்ந்து நின்றன.

அடுத்த கேள்வி கடினமானது. நசுங்கிய காலை எடுத்துவிடுவதா, காப்பாற்றுவதா? மெஸ் என்ற அமெரிக்க மதிப்பெண் முறை 1990-ல் வந்திருந்தது. ஏழு வந்தால் கால் போகும் என்பது அதன் கணக்கு. பெரிய ரத்தக் குழாய் அறுந்த காலுக்கு அது பொருந்தியது. குழாய் நன்றாக இருந்து எலும்பும் தோலும் மட்டும் சிதைந்த காலுக்கு அது வழி சொல்லவில்லை. கோவையின் வார்டுகளில் கிடந்ததோ பெரும்பாலும் அந்த இரண்டாம் வகை. 2006-ல் ராஜசேகரன், ராஜசபாபதி குழுவினர் 109 நோயாளிகளை வைத்து உருவாக்கிய கங்கா மருத்துவமனை மதிப்பெண் முறை பிரிட்டன் இதழ் ஒன்றில் வெளியானது. தோலுக்கு ஒன்று முதல் ஐந்து, எலும்புக்கு ஒன்று முதல் ஐந்து, தசை நாண் நரம்புக்கு ஒன்று முதல் ஐந்து. 14 வரை வந்தால் காலைக் காப்பாற்றப் பார்; 17-க்குப் போனால் எடுத்துவிடு; இடையில் வருவதை அனுபவசாலி பார்த்து முடிவு செய்யட்டும்.

இந்தப் பட்டியலில் என்னைக் கவர்ந்தது அதன் கடைசிப் பகுதி. உடலின் சிதைவைத் தவிர, நிலைமையை மோசமாக்கும் ஏழு காரணங்களுக்குத் தலைக்கு இரண்டு மதிப்பெண் கூட்ட வேண்டும். வயது 65-க்கு மேலா, சர்க்கரை நோயா, ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போனதா என்று கேட்கிற வரிசையில் இரண்டு கேள்விகள் நம் ஊர் வாசனையோடு நிற்கின்றன. அடிபட்டுச் சுத்தம் செய்யப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றா? காயத்தில் சாக்கடையோ, தொழுவத்து மண்ணோ, வயல் சேறோ கலந்ததா? மலைப்பாதைத் தாமதத்துக்கு இரண்டு. மாட்டுச் சாணத்துக்கு இரண்டு. பன்னிரண்டு மதிப்பெண்ணோடு தப்பிக்கக்கூடிய கால், வயலில் அடிபட்டு ராத்திரி முழுக்க மலையிறங்கி வந்தால் பதினாறாகி நிற்கும். யார் வருகிறார்கள், எந்த வழியாக வருகிறார்கள் என்று தினமும் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்விகள் தோன்றும். இன்று உலகின் பல நாடுகளில் இந்தப் பட்டியலை வைத்து முடிவெடுக்கிறார்கள்.

கோழித் தொடையில் தொடங்கும் படிப்பு

இந்தத் துறையில் டாக்டராக எம்.பி.பி.எஸ். முடித்து, பொது அறுவையில் எம்.எஸ். முடித்து, அதன் பிறகு மூன்றாண்டு எம்.சி.எச். அல்லது டி.ஆர்.என்.பி. படிக்க வேண்டும். புத்தகப் படிப்பு அதில் பாதிகூட இல்லை.

மைக்ராஸ்கோப்பின் கீழ் ரத்தக் குழாயைத் தைக்கப் பழகுவதைப் பாருங்கள். முதலில் கையுறையின் ரப்பர்த் துண்டு. அதில் ஒரு கீறல் போட்டுத் தைக்க வேண்டும். நூலின் பெயர் பத்து-பூஜ்யம் நைலான். தலைமுடியின் மூன்றில் ஒரு பங்கு பருமன்தான். மூச்சு விட்டால் நூல் பறந்துவிடும். காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் நுனி விரல் நடுக்கம் லென்ஸில் பூகம்பமாகத் தெரியும். அடுத்து கறிக்கடையில் வாங்கிய கோழித் தொடை. அதில் ஓடும் குழாய் மனித விரல் குழாயின் அளவில் இருக்கும். அறுத்து, எட்டுத் தையலில் சேர்க்க வேண்டும். ஒரு தையல் எதிர்ச்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் குழாய் அடைத்துப்போயிற்று என்று அர்த்தம். கடைசியில் மயக்கம் கொடுத்த எலியின் ஒரு மில்லிமீட்டர் தமனி. தைத்து முடித்ததும் இரண்டு இடுக்கியால் குழாயைப் பிடித்து, ரத்தத்தை முன்னால் வழித்துத் தள்ளிவிட்டு, பின் இடுக்கியை விடுகிறார்கள். காலியான இடம் சட்டென்று சிவந்தால் தேர்ச்சி. 1965-ல் ஜப்பானின் நாராவில் கோமாட்சுவும் டமாயும் முழுதாக அறுந்த கட்டைவிரலை முதன்முதலாக ஒட்டியது இந்தத் திறமையில்தான்.

அறுவை முடிந்தால் வேலை முடிவதில்லை. ஒட்டிய விரலை மணிக்கு மணி பார்க்க வேண்டும். வெளுத்தால் ரத்தம் போகவில்லை. நீலம் பாய்ந்தால் போன ரத்தம் திரும்பவில்லை. திரும்பாத ரத்தத்தை உறிஞ்ச மருத்துவ அட்டையை விடுவது இன்றைக்கும் உலகப் பெரிய மருத்துவமனைகளில் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு நீலம் கண்டு சீனியரை எழுப்பி, நோயாளியைத் திரும்ப மேசைக்கு ஏற்றுகிற பயிற்சி மருத்துவர், அந்த ஓர் இரவில் கற்பது ஒரு பாடநூலுக்குச் சமம். காயம் அதிகம் வரும் இடத்துக்கு வெளிநாட்டிலிருந்தும் டாக்டர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். ஆலைப் பாதுகாப்பு மேம்பட்ட நாடுகளில் ஒரு மாணவர் ஆண்டு முழுக்கக் காத்திருந்து பார்க்கும் காயத்தைக் கோவையில் ஒரு மாதத்தில் பார்த்துவிடலாம். அந்த வசதிக்கு நம் தொழிலாளிகள் கொடுத்த விலை என்னவென்று அவர்களுக்கும் தெரியும்.

பெரியாற்றின் கீழ்க்கோடியில்

கணவாய்க்கு மேற்கே கொச்சி. அங்கே அமிர்தா மருத்துவமனையில் 2015 ஜனவரி 12, 13 தேதிகளில் நாட்டின் முதல் இரட்டைக் கை மாற்று அறுவை நடந்தது. தலைமை மருத்துவர் சுப்பிரமணிய ஐயர். கை பெற்றவர் இடுக்கி மாவட்டத்து இளைஞர். ரயில் சம்பவம் ஒன்றில் இரண்டு கையையும் இழந்திருந்தார். மூளைச்சாவடைந்த ஒருவரின் கைகளைக் குடும்பத்தார் கொடுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட அறுவை மருத்துவர்கள், பதினாறு மணி நேரம். ஒவ்வொரு கையிலும் இரண்டு எலும்பு, இரண்டு தமனி, நான்கு சிரை, சுமார் 14 நாண், அப்புறம் நரம்புகள். 1998-ல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் வெற்றிகரமான கை மாற்று நடந்து பதினேழாவது ஆண்டு அது. கேரளத்தில் 2012-ல் மிருதசஞ்சீவனி உறுப்புதானத் திட்டம் தொடங்கி, மூளைச்சாவு நேர்ந்த வீட்டில் போய்ப் பேசும் ஏற்பாடு உருவாகியிருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. கண், சிறுநீரகம் கொடுக்கச் சம்மதிப்பவர்கள்கூடக் கை என்றால் தயங்குவார்கள். கை வெளியே தெரியும். சிதைக்கு வைக்கும்போது அது இல்லை என்பதை எல்லோரும் பார்ப்பார்கள்.

தமிழ்நாட்டில் அந்த அறுவை அரசு மருத்துவமனையில் நடந்தது. 2018 பிப்ரவரியில், வெங்கடசாமி தொடங்கிய அதே ஸ்டான்லித் துறையில், வி. ரமாதேவி தலைமையிலான குழு, மின்சாரம் தாக்கிக் கை இழந்த திண்டுக்கல் மாவட்டத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவருக்குக் கைகளைப் பொருத்தியது. காசு கேட்காத மேசையில் இது நடந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

மாற்றுக் கை ஆய்வுக்குப் புதுக் கேள்விகளைக் கொண்டுவந்தது. கொச்சியில் 2017-ல் ஓர் ஆணின் கைகள் ஓர் இளம்பெண்ணுக்குப் பொருத்தப்பட்டன. நாளாக நாளாக அந்தக் கைகளின் நிறம் அவருடைய மேனி நிறத்தை நெருங்கியது, பருமனும் குறைந்தது. தோலின் நிறமியை எது கட்டுப்படுத்துகிறது, மாறிய உடம்பில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. வேற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்க ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும். அந்த மருந்தைக் குறைப்பது எப்படி என்பதும் உலகமே தேடிக்கொண்டிருக்கும் விடைதான்.

இன்னும் சில ஆய்வுகள் எல்லையோரத்தை நேராகத் தொடுகின்றன. பைக் விபத்தில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்புக் கொத்து பிய்ந்துபோனால் கை தொங்கிவிடும். அறுந்த நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அது கைக்குப் போய்ச் சேர்வதற்குள் தசை வற்றிவிடும். 1994-ல் பிரான்சின் ஒபர்லின், விரலுக்குப் போகும் நல்ல நரம்பிலிருந்து ஓர் இழையை மட்டும் பிரித்து, முழங்கையை மடக்கும் தசைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார். தூரம் குறைந்தால் காலம் குறையும். விரலில் அட்ரினலின் ஊசி போட்டால் விரல் அழுகும் என்பது பழைய பாடம். கனடாவில் 3,110 பேருக்குத் தொடர்ந்து போட்டுப் பார்த்து அப்படி ஒன்றும் ஆகவில்லை என்று 2005-ல் எழுதினார்கள். அதனால் இன்று முழு மயக்கம் இல்லாமல், நோயாளி விழித்திருக்கும்போதே நாணைத் தைத்து, 'மடக்குங்க, நீட்டுங்க' என்று மேசையிலேயே சரிபார்க்க முடிகிறது. மயக்க மருத்துவர் எப்போதும் இருக்காத சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு இது பெரிய வரம். யானைக்கால் வீக்கத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் நிணநீர்க் குழாயைச் சிரையோடு இணைக்கிறார்கள். இறந்தவர் தோலை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துக் கிளிசராலில் ஐந்தாண்டு வரை காக்கும் தோல் வங்கிகள் வந்துவிட்டன.

எழுதப்படாமல் இருப்பது

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் 2014-ல் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கின. இடுக்கிக் கல்லூரி இடையில் அங்கீகாரம் இழந்து 2022-ல் மீண்டது. அங்கே படித்து வருகிற பிள்ளைகளில் சிலராவது இந்தத் துறைக்குள் போவார்கள். மலையில் அடிபட்டவருக்கு முதல் உதவி செய்யப்போவதும் அவர்கள்தான். அறுந்த விரலை நேராக ஐஸில் போட்டால் அது உறைந்து கெட்டுவிடும். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் விரல் ஒரு நாள் வரைகூடத் தாங்கும். தசை உள்ள முழங்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கங்காப் பட்டியலின் தாமத மதிப்பெண்ணைக் குறைக்கும் வேலை மேசையில் தொடங்குவதில்லை. ஏலத்தோட்டத்துக் கங்காணியிடமும் ஜீப் ஓட்டுநரிடமும் தொடங்குகிறது.

செய்தவர் எழுதாத காலம் போய், செய்தவர் எழுதும் காலம் வந்துவிட்டது. பட்டவர் எழுதும் காலம்தான் பாக்கி. காவஸ்ஜிக்கு ஓவியம் இருக்கிறது. அவர் சொன்ன ஒரு சொல்கூட இல்லை. இன்றைய ஆய்வில் நோயாளியைக் கேட்பதற்குக் கேள்வித்தாள்கள் உண்டு. 1996-ல் உருவான டேஷ் என்ற தாளில் முப்பது கேள்விகள்: இறுகிய பாட்டில் மூடியைத் திறக்க முடிகிறதா, சாவியைத் திருக முடிகிறதா என்று போகும். ரப்பர் வெட்டுபவரிடம் கேட்க வேண்டியது, விடியற்காலைக் குளிரில் கத்தி பிடி நிற்கிறதா என்பது. ஏலக்காய் எடுக்கும் பெண்ணிடம் கேட்க வேண்டியது, செடியின் அடித்தூரில் குனிந்து விளைந்த காயையும் இளங்காயையும் விரல்நுனியால் பிரித்தறிய முடிகிறதா என்பது. முடியவில்லை என்றால் அறுவை வெற்றி என்று படத்தில் தெரிந்தாலும், அவருடைய கூலி பாதியாகிவிட்டது. அந்தக் கேள்வித்தாளை இந்த மலையிலும் கணவாயிலும் இருப்பவர்களைக் கேட்டுத் தயாரிக்க வேண்டும். அடுத்த தலைமுறை டாக்டர்களின் முதல் ஆய்வுக்கட்டுரை அதுவாக இருந்தால் நல்லது.

*(அடுத்த அத்தியாயம்: 1862-ல் கணவாய் வழியாகப் பேப்பூர் வரை போன ரயில்)*